மார்க்கா, பரீட்சையா, மனசா? - நர்சிங் படிப்போட 150 வருசக் கதை

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். டெட்லைன் முடிஞ்சு மூச்சு விட்டா அடுத்த டெட்லைன். சரி, புலம்பல் போதும், மேட்டருக்கு வருவோம்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. எங்க பெரியம்மா மகள், அதாவது எனக்கு அக்கா, குடும்பத்தோட ஆர்.எஸ்.புரம் வீட்டுக்கு வந்திருந்தாங்க. ஒறம்பரை வந்தா எங்க வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. சாப்பாடு முடிஞ்சதும் எல்லாரும் திண்ணையில உக்காந்து யாராவது ஒருத்தரோட எதிர்காலத்தைக் கூறு போடுவாங்க. பத்து வருசத்துக்கு முன்னாடி மாட்டுனவன் நான். இந்த வாட்டி அக்கா மக. பன்னண்டாவது, பயாலஜி குரூப்.

புள்ள ஒரே வார்த்தையில சொல்லிருச்சு. "நான் நர்சிங் படிக்கப் போறேன்."

மாமா முகம் (அக்கா வீட்டுக்காரர்) சுருங்கிப் போச்சு. "ஏன் கண்ணு, டாக்டருக்கு ட்ரை பண்ணலாமில்ல? ஒரு வருசம் கோச்சிங் போட்டா நீட் அடிச்சரலாம்"ன்னாரு. அக்கா அதுக்கு மேல. "நைட் டூட்டி எல்லாம் இருக்குமே. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க?" அப்புறம் எல்லாரும் என் பக்கம் திரும்புனாங்க. "ஏனப்பா, நீ தான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பாப்பியே. எந்தக் காலேஜ், என்ன பரீட்சை, எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு."

நான் பொட்டி தட்டுறவன். எனக்கு நர்சிங் பத்தி என்ன தெரியும்? ஆனா மாமன்னு ஒரு பதவி இருக்கே, விட்டுக் கொடுக்க முடியுமா! தேட ஆரம்பிச்சேன். தேடுனது ஒண்ணு, கிடைச்சது வேற. எந்தக் காலேஜ்னு பாக்கப் போனவன், "நர்சு ஆகத் தகுதி யாருக்கு, அதை எப்படி அளக்கறது?"ங்கற ஒரு பழைய சண்டைக்குள்ள போய் விழுந்துட்டேன். அந்தச் சண்டைக்கு 130 வருசத்துக்கு மேல வயசு. இன்னும் முடியலை. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் பெருசு. ஒரு காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

பிளேக் தந்த ஊர்

முதல்ல எங்க ஏரியாவுல இருந்தே ஆரம்பிக்கிறேன். 1900-களோட தொடக்கத்துல கோயம்புத்தூரை பிளேக் ஆட்டிப் படைச்சது. ஒரு தரம் வந்துட்டுப் போகலை, திரும்பத் திரும்ப வந்துச்சு. ஊருக்குள்ள இன்னைக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்குதுங்க. வெளியூர்க்காரங்க கேட்டா சிரிப்பாங்க, "பிளேக்குக்குக் கூடவா மாரியம்மன்?"னு. அந்தப் பயத்தை நினைச்சுப் பாத்தா சிரிப்பு வராது.

நெரிசலான பழைய ஊரை விட்டு, அகலமான ரோடு போட்டு, காத்தோட்டமா அமைஞ்ச புதுப் பகுதிதான் ஆர்.எஸ்.புரம். நகராட்சித் தலைவரா இருந்த திவான் பகதூர் இரத்தினசபாபதி முதலியார் பேருலதான் "ஆர்.எஸ்." வந்துச்சு. டி.பி. ரோடுன்னு நாம சொல்றோமே, அது திவான் பகதூர் ரோடு. ஷாப்பிங் போற அவசரத்துல யாருக்கும் இது ஞாபகம் வராது.

அந்தக் காலத்துல பிளேக் வந்த வீட்டுல நோயாளியை யார் பாத்துக்கிட்டது? வீட்டுப் பொம்பளைங்கதான். பயிற்சியும் இல்ல, சம்பளமும் இல்ல. நோயாளியைத் தொட்டுப் பாத்துக்கறது ஒரு படிப்பு, ஒரு தொழில்ங்கற எண்ணமே அப்ப நம்மூருக்குப் புதுசு. மெட்ராஸ்ல மட்டும் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க. 1854-ல மருத்துவச்சிகளுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி. 1871-ல ஜெனரல் ஹாஸ்பிட்டல்ல நர்சுப் பயிற்சி. லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் பேருல பள்ளி தொடங்குனது 1860-ல. பதினோரே வருசத்துல அந்த எண்ணம் கப்பலேறி மெட்ராஸ் வந்துருச்சு.

ஆனா யார் சேர்ந்தாங்க? ஆங்கிலோ இந்தியப் பெண்கள், கிறிஸ்தவப் பெண்கள்தான் பெரும்பாலும். மத்த வீடுகள்ல விடமாட்டாங்க. முன்னப்பின்ன தெரியாத ஆம்பளை உடம்பைத் தொடணும், மலம் மூத்திரம் அள்ளணும், ராத்திரி வெளிய தங்கணும். சாதி, தீட்டு, கல்யாணம்னு மூணு பூட்டு. எங்க அக்கா திண்ணையில கேட்ட கேள்விக்கு நூத்தம்பது வருசம் வயசுங்க!

நைட்டிங்கேல் அம்மா vs ஃபென்விக் அம்மா

இங்கதான் எனக்கு சுவாரசியமே ஆரம்பிச்சது.

நைட்டிங்கேல் பள்ளியில நுழைவுத்தேர்வு எல்லாம் கிடையாது. நேர்ல பாத்து, விசாரிச்சு, நல்ல நடத்தைன்னு தெரிஞ்சா சேத்துக்குவாங்க. அதுக்கப்புறம் மாசாமாசம் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு நடத்தைத் தாள். நேரம் தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, சுத்தம், வார்டைப் பாத்துக்கற விதம்னு ஒவ்வொண்ணுக்கும் குறிப்பு எழுதுவாங்க. நம்ம ஆபீஸ் அப்ரைசல் மாதிரி, ஆனா மாசாமாசம். நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

1887-ல எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக்னு ஒரு அம்மா பிரிட்டிஷ் நர்சுகள் சங்கம்னு ஒண்ணைத் தொடங்குனாங்க. அவங்களே பெரிய ஆஸ்பத்திரியில மேட்ரனா இருந்தவங்க. அவங்க கேட்டது இதுதான்: டாக்டருக்குப் பதிவேடு இருக்கு, நர்சுக்கு ஏன் இல்ல? எல்லாரும் ஒரே பாடம் படிக்கட்டும், ஒரே பரீட்சை எழுதட்டும், பாஸானவங்க பேரை அரசாங்கப் பதிவேட்டுல ஏத்துங்க. அப்பத்தான் கண்டவங்களும் நர்சுன்னு சொல்லிக்க முடியாது, தொழிலுக்கும் மரியாதை வரும்.

இதை யார் எதிர்த்தாங்கன்னு நினைக்கிறீங்க? சாட்சாத் நைட்டிங்கேல் அம்மாவேதான்! நல்ல நர்சுங்கறது குணம் சம்பந்தப்பட்ட விசயம், அதை எழுத்துப் பரீட்சை வெச்சு அளக்க முடியாதுங்கறது அவங்க வாதம். இத்தனைக்கும் அவங்க நம்பர் பிடிக்காத ஆள் இல்லீங்க. கிரிமியப் போர்ல (1853-56) சாவு எண்ணிக்கையை வட்ட வரைபடமா போட்டு, காயத்துல செத்தவனை விட சுகாதாரக் கேட்டுல செத்தவன்தான் அதிகம்னு அரசாங்கத்துக்குக் காட்டுனவங்க. 1858-ல லண்டன் புள்ளியியல் சங்கத்துல முதல் பெண் உறுப்பினரா தேர்வானவங்க. எதை எண்ணலாம்னு தெரிஞ்ச ஆளு, இதை எண்ண முடியாதுன்னு சொன்னாங்க. அதான் நான் கொஞ்சம் நின்னு யோசிச்சேன்.

முப்பது வருசத்துக்கு மேல இழுத்துச்சு அந்தச் சண்டை. நைட்டிங்கேல் 1910-ல காலமானாங்க. 1919-ல பிரிட்டன்ல நர்சுகள் பதிவுச் சட்டம் வந்துச்சு. பதிவேட்டுல முதல் நம்பர் ஃபென்விக் அம்மாவுக்குத்தான். நம்ம மெட்ராஸ் மாகாணத்துல நர்சுகள், தாதிகள் சட்டம் வந்தது 1926-ல. அதாவது பரீட்சைக் கட்சி ஜெயிச்சுருச்சு. ஆனா தோத்த கட்சி கேட்ட கேள்வி மட்டும் தோக்கவே இல்ல.

வேலூர்ல நடந்த ஆச்சரியம்

அடுத்து நம்ம வேலூர். ஐடா ஸ்கடர் கதை பலருக்கும் தெரிஞ்சிருக்கும். திண்டிவனத்துல அப்பா மிஷன் டாக்டர். ஒரே ராத்திரியில மூணு வீட்டுல இருந்து பிரசவத்துக்குக் கூப்பிட வர்றாங்க. ஆம்பளை டாக்டர் வேண்டாம், நீங்க வாங்கன்னு இந்தப் பொண்ணைக் கூப்பிடறாங்க. இவங்களுக்கு வைத்தியம் தெரியாது. விடியும்போது மூணு பேரும் செத்துப்போயிட்டாங்க. அந்தப் பொண்ணு அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சு 1900-ல திரும்பி வந்து, வேலூர்ல ஒத்தைக் கட்டில்ல வைத்தியம் பாக்க ஆரம்பிச்சாங்க.

நாம பொதுவா கதையை இங்க நிறுத்திட்டு, "அப்புறம் சி.எம்.சி. மெடிக்கல் காலேஜ் வந்துச்சு"ன்னு தாவிருவோம். நடுவுல ஒண்ணு இருக்குதுங்க. அங்க முதல்ல வந்தது டாக்டர் பள்ளி இல்ல, நர்சுப் பள்ளி. 1909-ல டெலியா ஹூட்டன்ங்கற நர்சு தொடங்குனது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதுக்கு ஒன்பது வருசம் கழிச்சு, 1918-லதான். டாக்டர் ஒருத்தர் போதாது, பக்கத்துல நின்னு பாத்துக்கப் பத்துப் பேர் வேணும்னு அந்தம்மாவுக்கு முதல்லயே புரிஞ்சிருச்சு.

அப்புறம் வருது 1946. எனக்கு ரொம்பப் பிடிச்ச வருசம் இது. அந்த வருசம்தான் போர் கமிட்டி அறிக்கை வெளிவந்துச்சு. (சண்டைப் போர் இல்லீங்க, சர் ஜோசப் போர்னு தலைவரோட பேரு.) 1943-ல போட்ட குழு. நாட்டுல மொத்தம் சுமார் 7,000 நர்சுகள்தான் இருக்காங்க, அதாவது 43,000 பேருக்கு ஒரு நர்சுன்னு அந்த அறிக்கை சொல்லுச்சு. ஒரு நடுத்தர ஊர் மொத்தத்துக்கும் ஒரே ஒரு ஆள்! நர்சிங்குக்குப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு வேணும்னும் சொன்னாங்க.

அதே 1946-ல இந்தியாவுல ரெண்டு எடத்துல நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியாச்சு. ஒண்ணு டெல்லி, பின்னாடி ராஜ்குமாரி அம்ரித் கௌர் பேரு வெச்ச காலேஜ். இன்னொண்ணு நம்ம வேலூர் சி.எம்.சி., மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட இணைஞ்சு.

இதுல என்ன பெருமைன்னு கேக்கறீங்களா? உலகத்துலயே முதன்முதலா ஒரு பல்கலைக்கழகம் நர்சுப் பள்ளி தொடங்குனது 1909-ல அமெரிக்காவுல, மினசோட்டாவுல. ஆனா நைட்டிங்கேல் வளந்த பிரிட்டன்ல முதல் நர்சிங் பட்டப்படிப்பு வந்தது எப்ப தெரியுமா? 1960-ல, எடின்பரோ பல்கலைக்கழகத்துல. நம்ம வேலூருக்குப் பதினாலு வருசம் கழிச்சு! இங்கிலாந்துல புதுசா நர்சாகணும்னா பட்டம் கட்டாயம்னு ஆனது 2013-ல. இதை நான் மாமாகிட்ட சொன்னேன். "அப்படியா?"ன்னு நிமிந்து உக்காந்தாரு. ஒரு தொழிலோட மரியாதையை வரலாறு சொல்லியாவது ஏத்தலாம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

1947-ல இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்துச்சு. என்ன படிப்பு, எத்தனை வருசம், யாரைச் சேக்கலாம்னு நாடு முழுசுக்கும் ஒரே அளவுகோல். அந்தச் சட்டத்துக்குப் பதிலா 2023-ல தேசிய நர்சிங், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றத்துல நிறைவேத்துனாங்க.

தமிழ்நாடும் நுழைவுத்தேர்வும்: வந்தது, போனது, வந்தது

இப்ப பரீட்சைப் பக்கம் வருவோம். எங்க வீட்டுல பெரிய அண்ணன் ஒருத்தர் இருக்காரு. அவர் காலத்துல இஞ்சினியரிங், மெடிக்கல் சேர நுழைவுத்தேர்வு எழுதணும். கட் ஆஃப் 300-க்கு. பிளஸ் டூ மார்க்குக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100. எம்.ஜி.ஆர். ஆட்சியில 1984-ல வந்தது அது. அதுக்கு முன்னாடி இண்டர்வியூ இருந்துச்சு, யாருக்கு யாரைத் தெரியும்ங்கறது அங்க வேலை செஞ்சுச்சுங்கறது பழைய ஆளுங்க சொல்ற கதை. பாருங்க, அன்னைக்கு நுழைவுத்தேர்வு வந்ததே நியாயம் பண்ணத்தான்.

இருபது வருசத்துல அதே நுழைவுத்தேர்வு அநியாயமாத் தெரிய ஆரம்பிச்சது. டவுன்ல கோச்சிங் போறவனும், கிராமத்துல புஸ்தகமே லேட்டா கிடைக்கறவனும் ஒரே பரீட்சை எழுதுனா எப்படி? 2005-ல அரசாணை போட்டு எடுத்தாங்க, ஐகோர்ட் ரத்து பண்ணிருச்சு. 2006-ல சட்டமே போட்டாங்க, அதுவும் போச்சு. ஆட்சி மாறி, அனந்தகிருஷ்ணன் தலைமையில குழு போட்டு, புதுச் சட்டம் கொண்டாந்து, 2007-ல ஜனாதிபதி ஒப்புதல் வாங்குன பிறகுதான் நுழைவுத்தேர்வு போச்சு. அதுக்கப்புறம் படிச்சவங்க, நான் உட்பட, பிளஸ் டூ மார்க்கை வெச்சுத்தான் உள்ள போனோம். கட் ஆஃப் 200-க்கு.

"அப்பாடா, மார்க் தான் நியாயம்"னு முடிச்சரலாமா? அதுவும் முடியாதுங்க. நம்ம கொங்கு பக்கத்துல நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, ஈரோடுன்னு மார்க்குக்காகவே ஹாஸ்டல் பள்ளிக்கூடங்கள் மொளச்சது நமக்குத் தெரியாதா? பிராய்லர் பள்ளின்னு ஊரே சொல்லும். பதினொண்ணாவது பாடத்தைத் தொடாம பன்னண்டாவதையே ரெண்டு வருசம் உருப்போடறது. நானே அப்படி ஒரு பள்ளியில ரெண்டு வருசம் இருந்தவன். பேரு வேண்டாம். காலைல அஞ்சு மணிக்கு மணி அடிச்சா ராத்திரி பத்து வரைக்கும் டெஸ்ட். மார்க் வந்துச்சு, மறுக்கல. ஆனா அதுல எவ்வளவு என் மூளை, எவ்வளவு எங்கப்பா கட்டுன ஃபீஸ்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியலை. 2017-ல ரேங்க் அறிவிக்கறதை நிறுத்துனதும், பதினொண்ணாவதுக்குப் பொதுத்தேர்வு கொண்டு வந்ததும் இந்தக் கூத்துக்குக் கடிவாளம் போடத்தான். அந்தப் பதினொண்ணாவது பொதுத்தேர்வையும் 2025-ல எடுத்துட்டாங்க.

இதுக்கு நடுவுல நீட். 2013-ல வந்து, அதே வருசம் சுப்ரீம் கோர்ட்ல அடிபட்டு, 2016-ல உயிர்த்தெழுந்து, 2017-ல தமிழ்நாட்டுக்குள்ள முழுசா நுழைஞ்சது. அந்த வருசம் அரியலூர் அனிதா. 1,200-க்கு 1,176 எடுத்த புள்ள. மேல நான் எழுத வேண்டியதில்ல.

நர்சிங் என்னாச்சு? தமிழ்நாட்டுல பி.எஸ்ஸி. நர்சிங்குக்குப் பிளஸ் டூ மார்க் வெச்சுத்தான் கவுன்சிலிங், கீழ்ப்பாக்கம் தேர்வுக் குழு மூலமா. உயிரியல் நூறு, இயற்பியல் அம்பது, வேதியியல் அம்பது, ஆக 200. ஆனா பக்கவாட்டுல பரீட்சை நுழைஞ்சுக்கிட்டே இருக்கு. ராணுவ நர்சிங் கல்லூரிகள்ல 2022-ல இருந்து நீட் மார்க் வேணும். எய்ம்ஸ்க்குத் தனிப் பரீட்சை. 2021-ல வந்த நர்சிங் கவுன்சில் விதிகள் பி.எஸ்ஸி.க்கு நுழைவுத்தேர்வு வேணும்னு சொல்லி, பாடத்தையும் பிரிச்சுக் கொடுத்துச்சு: இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஒவ்வொண்ணுக்கும் 20. மிச்சம் 20 எதுக்குன்னு பாத்தா, "நர்சிங் மனப்பாங்கு"க்கு!

நான் சிரிச்சுட்டேன். நைட்டிங்கேல் அம்மா அளக்க முடியாதுன்னு சொன்ன அதே விசயம், நூறுல இருபது மார்க்கா திரும்பி வந்திருக்கு.

எங்க தெரு சிஸ்டரம்மா

இத்தனையும் படிச்சுட்டு நான் குழம்பிப் போய் உக்காந்திருந்தேன். அப்பத்தான் எங்கம்மா சொன்னாங்க, "ஏன்டா ஊரெல்லாம் தேடறே, நம்ம தெருக்கோடி சிஸ்டரம்மாவைக் கேளேன்"னு. அதானே! அரசு ஆஸ்பத்திரிகள்ல முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல வேலை பாத்து 58 வயசுல ரிட்டையர் ஆனவங்க. சின்ன வயசுல எனக்கு ஊசி போட்டப்ப நான் கடிச்சு வெச்சது அவங்க கையைத்தான். (தழும்பு இல்லைன்னு சொல்றாங்க, நம்பறேன்.)

அக்கா மகளையும் கூட்டிட்டுப் போனேன். சிஸ்டரம்மா கதை சொன்னாங்க. பழைய எஸ்.எஸ்.எல்.சி., அதாவது பதினொண்ணாவதோட முடியற காலம், பிளஸ் டூ வர்றதுக்கு முன்னாடி. 1976-ல அரசு நர்சிங் பள்ளியில சேர்ந்தாங்களாம். மூன்றரை வருசம். ஹாஸ்டல் கட்டாயம். மாசாமாசம் கொஞ்சம் உதவித்தொகை.

"அந்த ஸ்டைஃபண்டுக்காகத்தான் கண்ணு எங்கப்பன் விட்டாரு. மூணு பொட்டப்புள்ளைக. காசு கட்டாம படிக்கற படிப்பு அது ஒண்ணுதான். ஊர்ல என்ன பேச்சுப் பேசுனாங்கன்னு கேக்காதே. முதல் சம்பளத்துல தங்கச்சிக்குத் தோடு வாங்கிக் கொடுத்தேன், பேச்சு நின்னுபோச்சு."

அந்தக் காலத்துல அரசுப் பள்ளியில படிச்சா அரசு வேலை உறுதி. அது எப்ப மாறுச்சுன்னா, 2012-ல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வந்த பிறகு. 2015-ல 7,243 நர்சுகளை எழுத்துத் தேர்வு வெச்சு எடுத்தாங்க. தனியார் கல்லூரியில படிச்சவங்களும் எழுதலாம். எல்லாருக்கும் கதவு திறந்தது நல்லதுதான். ஆனா உள்ள போனதும் ஒப்பந்த வேலை, மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். அதாவது சேரும்போது இருந்த பூட்டை எடுத்து, வேலையில போட்டுட்டாங்க. 2020-ல நம்ம சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி கொரோனா ஆஸ்பத்திரியா மாறினப்ப நாம எல்லாம் மாடியில நின்னு கை தட்டுனோமே, ஞாபகம் இருக்கா? அந்தக் கொரோனா காலத்துல தமிழ்நாடு முழுக்க ஒப்பந்தத்துல எடுத்த நர்சுகள்ல 2,000-க்கும் மேற்பட்டவங்களுக்கு 2022 கடைசியோட வேலை இல்லைன்னு ஆச்சு. 2023 ஜனவரியில தெருவுல உக்காந்து போராடுனாங்க. பிளேக் போனதும் மாரியம்மனுக்காவது கோயில் கட்டுனோம்.

அப்புறம் சிஸ்டரம்மா புள்ளை பக்கம் திரும்புனாங்க.

"நீ எதுக்கு அம்மிணி நர்சு ஆகணுங்கறே?"

புள்ள கொஞ்சம் தயங்குச்சு. "அம்மிச்சி படுத்த படுக்கையா இருந்தப்ப ஏழு மாசம் நாந்தானுங்க பாத்துக்கிட்டேன். படுக்கைப்புண் வந்துச்சு. ஒரு நர்சக்கா வீட்டுக்கு வந்து, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. ராத்திரி அலாரம் வெச்சு எந்திரிச்சுத் திருப்புவேன். புண்ணு ஆறிருச்சு. அம்மிச்சி செத்துப்போனப்பக் கூட முதுகு சுத்தமா இருந்துச்சு."

எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. அந்த ஏழு மாசமும் நான் பெங்களூர்ல இருந்தேன். ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவேன், அவ்வளவுதான்.

நான் நினைச்சேன், சிஸ்டரம்மா கண்ணு கலங்கி "நீதான் நர்சு"ன்னு சொல்லுவாங்கன்னு. சொல்லல. "சரி, 500 மில்லி குளுக்கோஸ். எட்டு மணி நேரத்துல ஏத்தணும். ஒரு மில்லிக்கு 15 சொட்டு. நிமிசத்துக்கு எத்தனை சொட்டு விடுவே?"ன்னு கேட்டாங்க.

நான் போனை எடுத்து கால்குலேட்டரைத் திறக்கறதுக்குள்ள புள்ள சொல்லிருச்சு. "பதினஞ்சரைக்குக் கொஞ்சம் மேல வருதுங்க. பதினாறு."

"ம். பாசம் வேணும் கண்ணு, இல்லைங்கல. ஆனா 0.25-ன்னு எழுதியிருக்கறதை 2.5-ன்னு போட்டுட்டா எந்தப் பாசமும் காப்பாத்தாது. நான் பாத்திருக்கேன். கணக்கு மட்டும் தெரிஞ்சு மூஞ்சியைத் திருப்பிக்கற சிறுசுகளையும் பாத்திருக்கேன். ரெண்டும் இருந்தா வா."

நைட்டிங்கேலும் ஃபென்விக்கும் முப்பது வருசம் போட்ட சண்டையை எங்க தெரு சிஸ்டரம்மா அரை நிமிசத்துல முடிச்சுட்டாங்க!

கடைசியா என்ன முடிவு?

எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். இண்டர்வியூ நியாயம் இல்லைன்னு பரீட்சை வந்துச்சு. பரீட்சை நியாயம் இல்லைன்னு மார்க் வந்துச்சு. மார்க்கைத் தொழிற்சாலை ஆக்குனோம், திரும்பப் பரீட்சை வருது. ஒவ்வொரு கதவும் முந்தின கதவோட தப்பைத் திருத்தத்தான் வந்துச்சு, வந்ததும் அதுக்குன்னு ஒரு தப்பைக் கொண்டு வந்துச்சு. காசு இருக்கறவன் எந்தக் கதவுக்கும் சாவி செஞ்சுக்கறான். அதனால "எந்தப் பரீட்சை நல்லது"ங்கறதை விட "இந்தக் கதவுக்கு வெளிய யாரு நிக்கறா"ன்னு பாக்கறதுதான் முக்கியம்னு எனக்குத் தோணுது.

வீட்டு விசயத்துக்கு வர்றேன். நான் அக்கா வீட்டுக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு ரொம்பச் சிம்பிள். டிப்ளமோ மூணு வருசம், அதுக்கு மேல பட்டம் வேணும்னா போஸ்ட் பேசிக் ரெண்டு வருசம், ஆக அஞ்சு. நேரா பி.எஸ்ஸி. சேர்ந்தா நாலு. கையில காசு இல்லைன்னா அரசு டிப்ளமோ இன்னைக்கும் நல்ல வழி, சிஸ்டரம்மா அப்பன் போட்ட அதே கணக்கு. மார்க் நல்லா வந்தா சென்னை, மதுரை, சேலம், செங்கல்பட்டு, தேனி மாதிரி அரசுக் கல்லூரியில பி.எஸ்ஸி. அது கிடைக்கலைன்னா இங்கயே கோவையில பி.எஸ்.ஜி. (1994-ல தொடங்குனது), ராமகிருஷ்ணா, கே.எம்.சி.ஹெச்.னு சொந்த ஆஸ்பத்திரியோட இருக்கற கல்லூரிகள். தனியார்ல சேரும்போது ரெண்டே கேள்வி கேளுங்க: கவுன்சில் அங்கீகாரம் இருக்கா, சொந்த ஆஸ்பத்திரி இருக்கா? ஆஸ்பத்திரி இல்லாத நர்சிங் காலேஜ், கம்ப்யூட்டர் இல்லாத என் இஞ்சினியரிங் லேப் மாதிரி. நான் அனுபவிச்சவன்.

புள்ள கவுன்சிலிங்குக்குத்தான் போகப் போகுது. அது போக, நீட்டும் எழுதறேன்னு சொல்லிருச்சு. மாமா முகம் மலர்ந்துச்சு. "டாக்டருக்கா கண்ணு?"

"இல்லீங்கப்பா. ராணுவ நர்சிங்குக்கு. படிப்பு இலவசம், முடிச்சதும் லெப்டினன்ட்."

மாமா வாயடைச்சுப் போயிட்டாரு. அக்கா மட்டும் மெதுவா, "லெப்டினன்ட்னா... மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சல்யூட் அடிக்கணுமா?"ன்னு கேட்டுச்சு. திண்ணையில எல்லாரும் சிரிச்சோம். நூத்தம்பது வருசப் பூட்டு ஒண்ணு அன்னைக்குக் கொஞ்சம் லூசாச்சுன்னு நினைக்கிறேன்.

டிஸ்கி: வீட்டுல யாராச்சும் நர்சு இருந்தா, அவங்க எப்படி அந்தப் படிப்புக்குப் போனாங்கன்னு கேட்டுப் பாத்து இங்க வந்து சொல்லுங்க. ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு தோட்டுக் கதை இருக்கும். நான் ஆணி புடுங்கக் கிளம்பறேன். வரட்டுங்களா!